சாலைக்கா, பந்தயத் தடத்துக்கா? வேக டயர் வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கார் தரையைத் தொடுவது நான்கே இடங்களில்தான். ஒவ்வோர் இடமும் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவு. ஏறத்தாழ ஒரு டன் எடையுள்ள வாகனம் ஓடுவதும் வளைவதும் நிற்பதும் அந்த நான்கு உள்ளங்கைகளை நம்பித்தான். ஆனால் இன்றைய இளைஞர்கள் பலர் ஒலிபெருக்கிக்கும் புகைபோக்கிக்கும் காட்டும் அக்கறையை டயருக்குக் காட்டுவதில்லை. 'எது மலிவு?' அல்லது 'எது பார்க்க அகலமாக இருக்கிறது?' என்ற இரு கேள்விகளோடு அவர்களின் தேர்வு முடிந்துவிடுகிறது.

1999ஆம் ஆண்டு செப்பாங் அனைத்துலகப் பந்தயத் தடம் திறக்கப்பட்ட பிறகு, வேகத்தின் மீதான ஆர்வத்தைத் தணித்துக்கொள்ள நம் நாட்டில் முறையான ஓர் இடம் கிடைத்தது. கட்டணம் செலுத்தி, தலைக்கவசம் அணிந்து, சொந்தக் காரையே அங்கு ஓட்டிப் பார்க்க வாய்ப்புண்டு. சிங்கப்பூரிலிருந்தும் இதற்காக எல்லை தாண்டி வருகிறார்கள். நெடுஞ்சாலையில் பந்தயம் விடுவதைவிட இது ஆயிரம் மடங்கு மேல் என்பதில் ஐயமில்லை. சிக்கல் எங்கே வருகிறது என்றால், ஞாயிற்றுக்கிழமை தடத்தில் ஓடிய அதே கார்தான் திங்கட்கிழமை காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்கிறது. அன்று மழையும் பெய்யலாம். ஒரே டயர் இந்த இரண்டு வேலைகளையும் செய்யுமா?

ரப்பர் எப்படிப் பிடிக்கிறது?

பால்மரம் வெட்டிய தலைமுறைக்கு ரப்பரைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆயினும் தோட்டத்திலிருந்து சென்ற இயற்கை ரப்பர் மட்டும் இன்று டயராவதில்லை. கனரக வாகன டயர்களிலும் விமான டயர்களிலும் இயற்கை ரப்பர் அதிகம். வேகக் கார்களின் டயரில் தரையைத் தொடும் பகுதி பெரும்பாலும் செயற்கை ரப்பரும், கரித்தூளும், சிலிக்காவும் கலந்த கலவை. ஈரச் சாலையில் பிடிமானம் தருவதில் சிலிக்காவுக்கு முக்கியப் பங்குண்டு.

தார்ச்சாலை வழவழப்பாகத் தெரிந்தாலும் அதில் கண்ணுக்குப் புலப்படாத மேடுபள்ளங்கள் நிறைய. மென்மையான ரப்பர் அவற்றுக்குள் அழுந்திப் பற்றிக்கொள்கிறது. அப்படி அழுந்தி விடுபடும்போது வெப்பம் உண்டாகிறது. வெப்பம் ஏற ஏற ரப்பர் இன்னும் இளகிப் பிடிமானம் கூடும். ஓர் அளவைத் தாண்டினால் ரப்பர் குழைந்து வழுக்கத் தொடங்கும். ஆக, ஒவ்வொரு கலவைக்கும் அது நன்றாக வேலை செய்யும் ஒரு வெப்ப வரம்பு இருக்கிறது.

சாலை டயரும் தட டயரும் வேறுபடுவது இங்கேதான். வீட்டு வாசலிலிருந்து புறப்பட்ட முதல் நிமிடத்திலேயே, சூடேறாமலேயே சாலை டயர் பிடிக்க வேண்டும். மழையிலும் பிடிக்க வேண்டும். தட டயரோ நன்றாகச் சூடேறிய பிறகுதான் தன் முழுத் திறனைக் காட்டும். அதைப் போட்டுக்கொண்டு மழை நாளில் சந்தைக்குப் போகிறவர், அந்த டயர் விழித்தெழும் முன்பே வீடு திரும்பிவிடுவார்.

பிடிமானம் என்பது வெறும் வேகத்துக்கான சங்கதி அல்ல. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் பிரேக் பிடித்து நிற்க எவ்வளவு தூரம் வேண்டும்? உராய்வு அளவு 1 என்றால் சுமார் 48 மீட்டர். அதுவே 0.7 ஆகக் குறைந்தால் 68 மீட்டர். ஈரத்தில் 0.5 ஆக இறங்கிவிட்டால் 95 மீட்டர். முதல் கார் நின்றுவிட்ட இடத்தில் மூன்றாவது கார் இன்னும் மணிக்கு 75 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்.

டயர் பேசும் மொழி

டயரின் பக்கச் சுவரில் அச்சிடப்பட்டிருக்கும் எண்களைப் படிக்கத் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். மைவி காரில் பரவலாகக் காணப்படும் '185/55 ஆர்15 82வி' என்ற அளவையே எடுத்துக்கொள்வோம்.

185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 55 என்பது பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் 55 விழுக்காடு என்பதைக் குறிக்கும். அதாவது ஏறக்குறைய 102 மில்லிமீட்டர். 'ஆர்' என்பது ரேடியல் வகை. 15 என்பது சக்கர வளையத்தின் விட்டம், அங்குலத்தில். 82 என்பது சுமைக் குறியீடு. ஒரு டயர் 475 கிலோகிராம் வரை தாங்கும் என்று பொருள். 'வி' என்பது வேகக் குறியீடு. மணிக்கு 240 கிலோமீட்டர். 'எச்' என்றால் 210, 'டபள்யூ' என்றால் 270, 'ஒய்' என்றால் 300.

இன்னொரு முக்கியமான எண், தயாரிப்புத் தேதி. 'டி.ஓ.டி.' என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் அவை. '2324' என்றிருந்தால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்ட டயர். ரப்பர் ஓடாமல் கிடந்தாலும் மூப்படையும். ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும், பத்து ஆண்டுகள் ஆனால் பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றிவிட வேண்டும் என்று முன்னணித் தயாரிப்பாளர்கள் சிலர் அறிவுறுத்துகிறார்கள்.

'டிரெட்வேர்' என்ற சொல்லுக்கு அருகில் ஓர் எண் இருந்தால் அதையும் கவனிக்க வேண்டும். இது அமெரிக்க அளவுமுறை. ஒரு மாதிரி டயரின் தேய்மானத்தை 100 என்று வைத்து, 200 என்றால் அதைவிட இரு மடங்கு உழைக்கும் என்று கணக்கிடுகிறார்கள். எண் குறையக் குறைய ரப்பர் மென்மை என்று பொதுவாகக் கொள்ளலாம். ஆனால் இந்த எண்ணைத் தயாரிப்பாளர்களே நிர்ணயிப்பதால், ஒரு நிறுவனத்தின் 200ஐயும் இன்னொரு நிறுவனத்தின் 200ஐயும் தராசில் வைத்து நிறுக்க முடியாது.

நான்கு வகைகள்

முதல் வகை, அன்றாடப் பயண டயர். நீண்ட நாள் உழைக்கும், சத்தம் குறைவு, மழைக்கு நல்லது. தடத்தில் கடுமையாக ஓட்டினால் விரைவில் சூடேறித் தளர்ந்துவிடும்.

இரண்டாவது, சாலைக்கான உயர்திறன் டயர். 2017இல் அறிமுகமான மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 4 எஸ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இதன் தேய்மான எண் 300. மழையிலும் வெயிலிலும் நம்பகமானது. தடத்தில் சில சுற்றுகள் தாங்கும்; பிறகு சற்று ஆறவிட வேண்டும்.

மூன்றாவது, சாலையில் ஓட்டக்கூடிய, ஆனால் தடத்தை மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட டயர். பிரிட்ஜ்ஸ்டோன் பொட்டென்சா ஆர்இ-71ஆர்எஸ், யோகோஹாமா அட்வான் நியோவா ஏடி09 ஆகியவை இவ்வகை. தேய்மான எண் 200. ரப்பர் கட்டிகள் பெரிதாகவும் வரிப்பள்ளங்கள் குறைவாகவும் இருக்கும். வெப்பத்தை நன்றாகத் தாங்கும். விலை, சத்தம், தேய்மானம் மூன்றும் கூடுதல்.

நான்காவது, 'செமி ஸ்லிக்' எனப்படும் பாதி வழவழப்பு டயர். டோயோ புராக்ஸஸ் ஆர்888ஆர் இவ்வகையைச் சேர்ந்தது. அதன் தேய்மான எண் 100. காய்ந்த தடத்தில் இதன் பிடிமானம் அபாரம். தேங்கிய நீரில் இதன் நிலை பரிதாபம். ஒவ்வொரு முறை சூடேறி ஆறும்போதும் ரப்பர் கொஞ்சம் கொஞ்சமாக இறுகும். அதனால் வரிப்பள்ளம் மிச்சமிருக்கும்போதே பிடிமானம் போய்விடக்கூடும்.

இவற்றுக்கு அப்பால் வரிப்பள்ளமே இல்லாத முழு ஸ்லிக் டயர் உண்டு. அது பந்தயத்துக்கு மட்டுமே. சாலையில் ஓட்டுவது சட்டப்படி குற்றம்.

செப்பாங் சொல்லும் பாடம்

செப்பாங் தடத்தின் நீளம் 5.543 கிலோமீட்டர், 15 வளைவுகள். கார்கள் கடிகார முள் திசையில் ஓடுவதால் வலப்பக்க வளைவுகளே அதிகம். வலப்பக்கம் திரும்பும்போது காரின் எடை இடப்பக்கம் சாயும். எனவே இடப்பக்க டயர்கள், குறிப்பாக முன்சக்கரங்களால் இயங்கும் கார்களில் இடப்பக்க முன் டயர், மற்றவற்றைவிட விரைவாகத் தேயும். தடத்திலிருந்து வெளியேறியதும் முதலில் பார்க்க வேண்டியது அந்த டயரின் வெளி விளிம்பை.

இரண்டாவது பாடம், மழை. 2009 ஏப்ரல் 5ஆம் தேதி இங்கு நடந்த ஃபார்முலா ஒன் பந்தயத்தில் மாலை மழை கொட்டியது. உலகின் தலைசிறந்த ஓட்டுநர்கள், மழைக்கென்றே செய்யப்பட்ட டயர்கள், எல்லாம் இருந்தும் 56 சுற்றுகள் ஓட வேண்டிய பந்தயம் பாதியில் நிறுத்தப்பட்டது. 31 சுற்றுகளின் முடிவைக் கொண்டு பாதிப் புள்ளிகளே வழங்கப்பட்டன. தரைக்கும் ரப்பருக்கும் இடையில் நீர் புகுந்து டயர் மிதக்கத் தொடங்கிவிட்டால் ஓட்டுநரின் திறமை கைகொடுக்காது. அந்த நீரை வெளியேற்றுவதற்குத்தான் வரிப்பள்ளங்கள் இருக்கின்றன. பேச்சுவழக்கில் டயரின் 'பூ' என்று சொல்வது இதைத்தான். அது 1.6 மில்லிமீட்டருக்குத் தேய்ந்ததைக் காட்ட பள்ளங்களுக்கு நடுவே சிறு மேடுகள் வைத்திருப்பார்கள். அது சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. நம் ஊர் மழைக்கு அதுவரை காத்திருப்பதே தாமதம்தான்.

காற்றழுத்தத்தில் கவனம்

நல்ல டயரைக் கெடுப்பதும் சாதாரண டயரை உயர்த்துவதும் காற்றழுத்தம்தான். ஓட்டுநர் கதவோரத்தில் ஒட்டப்பட்டிருக்கும் அட்டையில் உள்ள அளவு, டயர் ஆறியிருக்கும்போது இருக்க வேண்டிய அளவு. 32 பி.எஸ்.ஐ. என்பது எண்ணெய் நிலையக் கருவியில் சுமார் 220 கிலோபாஸ்கல்.

தடத்தில் என்ன நடக்கிறது? 30 பாகை வெப்பத்தில் 32 பி.எஸ்.ஐ. இருந்த டயருக்குள் காற்று 80 பாகைக்குச் சூடேறினால், அழுத்தம் ஏறக்குறைய 40ஐத் தொடும். டயரின் நடுப்பகுதி புடைத்துக்கொண்டு, தரையைத் தொடும் பரப்பு குறைந்துவிடும். அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் சில சுற்றுகள் ஓடியதும் நிறுத்தி, சூடான நிலையில் அழுத்தத்தை அளந்து, சிறிது சிறிதாகக் குறைக்கிறார்கள். அளவுக்கு மீறிக் குறைத்தால் வளைவில் டயர் மடங்கி, பக்கச் சுவர் தரையில் உரசும். டயரின் தோளில் வெள்ளைச் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டுவிட்டு ஓட்டினால், கோடு எதுவரை அழிந்திருக்கிறது என்பதை வைத்து இதைக் கண்டறியலாம்.

பலர் மறப்பது கடைசிப் படியை. குறைத்த காற்றை வீடு திரும்பும் முன் மீண்டும் நிரப்ப வேண்டும். தடத்தில் சூடாக இருந்தபோது சரியாக இருந்த அழுத்தம், ஆறியதும் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். அந்த நிலையில் நெடுஞ்சாலையில் நீண்ட தூரம் ஓடினால் பக்கச் சுவர் ஓயாமல் வளைந்து நெளிந்து சூடேறி, டயர் வெடிக்கவும் கூடும்.

அகலம் கூடினால் போதுமா?

185/55 ஆர்15க்குப் பதிலாக 195/50 ஆர்15 போடுவோர் உண்டு. பக்கச் சுவர் சற்றுக் குட்டையாவதால் திருப்பம் கூர்மையாகும். மொத்த விட்டம் ஏறக்குறைய ஒன்றரை விழுக்காடு குறையும். அந்த அளவு வேகமானியின் கணக்கும் மாறும். இது சமாளிக்கக்கூடிய மாற்றம். ஆனால் வளையத்தின் அகலத்துக்குப் பொருந்தாத டயர், உடற்பகுதிக்கு வெளியே துருத்தி நிற்கும் டயர், குறைந்த சுமைக் குறியீடு கொண்ட டயர் ஆகிய மூன்றும் தவிர்க்கப்பட வேண்டியவை. மேலும், அகலமான டயர் தேங்கிய நீரில் மிதக்கும் வாய்ப்பும் கூடுதல் என்பதை மறக்கக் கூடாது.

யாருக்கு எது பொருந்தும்?

முதன்முறையாகத் தடத்துக்குச் செல்பவருக்கு இரண்டாவது வகையே சிறந்தது. இது பிடியை விடும் முன் கீச்சிட்டு எச்சரிக்கும். எங்கே எல்லை என்பதை ஓட்டுநர் காதால் கற்றுக்கொள்ளலாம். செமி ஸ்லிக் அப்படியல்ல. கடைசி வரை பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, அதிக வேகத்தில் சட்டென்று கைவிடும். நீச்சல் பழகாதவரை ஆழத்தில் இறக்கிவிடுவது போன்றது அது.

ஆண்டுக்குப் பல முறை தடத்துக்குச் செல்பவர், அன்றாடப் பயணமும் அதே காரில்தான் என்றால், மூன்றாவது வகையை எண்ணிப் பார்க்கலாம். வரிப்பள்ளம் தேயத் தேய மழை நாட்களில் வேகத்தைக் குறைக்கும் கட்டுப்பாடு அவருக்கு இருக்க வேண்டும்.

செமி ஸ்லிக் வேண்டும் என்பவருக்கு உகந்த வழி, இரண்டு தொகுதிச் சக்கரங்கள். தடத்துக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று. தொடக்கத்தில் செலவு அதிகமாகத் தோன்றும். ஆனால் விலையுயர்ந்த தட டயர் அன்றாடப் போக்குவரத்தில் வீணாகத் தேயாது. கணக்குப் பார்த்தால் பெரிய இழப்பில்லை.

பயன்படுத்திய டயரை மலிவாக வாங்கித் தடத்தில் ஓட்டலாமா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். அந்த டயர் எத்தனை முறை பள்ளத்தில் மோதியது, எங்கே ஒட்டுப்போடப்பட்டது, எவ்வளவு காலம் வெயிலில் கிடந்தது என்பதை வெளியிலிருந்து பார்த்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. உள்ளே அறுந்த நூலிழை மிகுந்த வேகத்தில்தான் தன்னைக் காட்டிக்கொள்ளும். பணம் குறைவென்றால் சாதாரண வகையில் புதிய டயர் நான்கு வாங்குவதே அறிவுடைமை. நான்கும் ஒரே வகையாக இருப்பது அவசியம். இரண்டு மட்டும் மாற்ற முடிந்தால் புதியவை பின்பக்கம் செல்ல வேண்டும். ஏனெனில், ஈரத்தில் முன்சக்கரம் வழுக்கினால் கார் நேராகச் செல்லும். வேகத்தைத் தணித்து மீட்க வாய்ப்புண்டு. பின்சக்கரம் வழுக்கினால் கார் சுழன்றுவிடும்.

பிள்ளைகள் தடத்துக்குச் செல்ல விரும்பினால் பெற்றோர் பதற வேண்டியதில்லை. அவர்கள் எந்த டயரோடு செல்கிறார்கள், எந்த டயரோடு திரும்பி வருகிறார்கள் என்று கேட்டால் போதும். செப்பாங்கில் தவறு செய்பவருக்கு விரிந்த ஓரங்களும் சரளைக்கல் பரப்பும் இருக்கின்றன. வீட்டுக்குச் செல்லும் சாலையின் ஓரத்தில் இருப்பது விளக்குக் கம்பமும், மோட்டார் சைக்கிளில் செல்லும் இன்னொருவரும்தான்.