கல்கத்தா குடித்தனம் – 17: நெட்டியில் ஒரு வால் நட்சத்திரம்

பௌஷ் மாதத்தில் வங்காளிகள் கல்யாணம் வைப்பதில்லை. நமக்கு மார்கழி எப்படியோ, அப்படி. அதற்கு முந்தைய மாதம் முழுக்க மாப்பிள்ளைகளுக்கான 'டோபோர்' கிரீடங்களைச் செய்து ஓய்ந்த மாலாகார்களின் கை, டிசம்பர் பாதியில் கொஞ்சம் ஆறும். அந்த நேரம் பார்த்துத்தான் போன வருடம் குமார்டுலிக்குப் போனேன்.

துர்க்கை சிலை செய்யும் குயவர்களின் பேட்டை என்றுதான் குமார்டுலியை எல்லோருக்கும் தெரியும். அந்தச் சந்துகளிலேயே சாமிக்கு நகையும் கிரீடமும் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு கடை வாசலில் பெரியவர் ஒருவர் தரையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு கட்டுத் தண்டு. அதில் ஒன்றை எடுத்துத் தோலைச் சீவினார். உள்ளே அப்படியொரு வெள்ளை! கையில் வாங்கினால் கனமே இல்லை. இங்கே அதற்கு 'ஷோலா' என்று பெயர். இரண்டு விரலால் லேசாக அமுக்கிப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. இது நம்ம ஊர் நெட்டி.

மாட்டுப் பொங்கலுக்கு மாட்டின் கழுத்தில் கட்டுகிற வண்ண மாலை நினைவிருக்கிறதா? அதே நெட்டிதான். தஞ்சாவூர்ப் பெரிய கோயிலைச் சின்னதாகச் செய்து கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விற்கிறார்களே, அதுவும் இதுதான். தஞ்சை நெட்டி வேலைக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குளத்திலும் வயலோரத் தண்ணீரிலும் தானாக முளைக்கிற செடி. வெள்ளைக்காரத் துரைகள் வெயிலுக்குப் போட்ட சோலா தொப்பிக்குப் பெயர் கொடுத்ததும் இந்த ஷோலாதான். அது தெரியாமல் சூரியனைச் சேர்த்து 'சோலார் தொப்பி' என்று எழுதியவர்கள் உண்டு.

"எதுக்கு தீதி?" என்று கேட்டார் பெரியவர். பிள்ளைகளோடு உட்கார்ந்து பொரோதினுக்கு அலங்காரம் செய்ய என்றேன். கிறிஸ்துமஸுக்கு வங்க மொழியில் பொரோதின், அதாவது பெரிய நாள். கோணல்மாணலாக இருந்ததால் தனக்கு உதவாது என்று ஒதுக்கி வைத்திருந்த தண்டுகளை அள்ளிக் கொடுத்தார். 50 ரூபாய்.

கல்கத்தாவில் கிறிஸ்துமஸ் அலங்காரத்துக்குப் பஞ்சமே இல்லை. 1874இல் திறந்த நியூ மார்க்கெட்டைச் சுற்றி டிசம்பர் முழுக்க நட்சத்திரமும் மணியும் பந்தும் மலையாகக் குவிந்து கிடக்கும். நானும் வாங்கியிருக்கிறேன், இனியும் வாங்குவேன். ஆனால் எங்கள் வீட்டு மரம் தொட்டியில் வளர்கிற ஒரு ஜாவ் கன்று, அதாவது சவுக்கு. பாளையங்கோட்டையில் அப்பா வெட்டிக்கொண்டு வரும் சவுக்குக் கிளையை நினைத்து வாங்கியது. இரண்டு கண்ணாடிப் பந்தை மாட்டினாலே கிளை தரையைப் பார்க்கும். அந்தக் கிளைக்கு நெட்டியை விடப் பொருத்தமானது ஒன்று இருக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பழைய பெட்ஷீட்டை விரித்து உட்கார்ந்தோம். என் மகளுக்கு ஐந்து வயது. மாடி வீட்டுப் பையனுக்கு ஆறு, அவன் தங்கைக்கு நான்கு. கத்தி மட்டும் என் கையில். மாலாகார் தண்டை ஒரு கையால் உருட்டிக்கொண்டே மறு கையால் கத்தியை ஓட்டுவார். காகிதச் சுருள் போல மெல்லிய ஏடு நீளமாகப் பிரிந்து வரும். அது பல வருடக் கை. நான் வெண்டைக்காய் அரிகிற மாதிரி வில்லை வில்லையாக அரிந்து போட்டேன். பிள்ளைகள் தடித்த ஊசியில் கோத்தார்கள். நெட்டிக்குள் ஊசி இறங்கும்போது சரக்கென்று மெல்லியதாக ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகவே நான்கு வயதுக்காரி கோத்ததை எல்லாம் உருவி, திரும்பவும் முதலிலிருந்து கோத்தாள். அவளை அவசரப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. ஒரு மணி நேரத்தில் அவள் மாலையில் ஒன்பது வில்லைகள்.

சிவப்புக்கு ஆல்தா. இங்கே பெண்கள் காலில் இட்டுக்கொள்கிற செம்பஞ்சுக் குழம்பு, தெருமுனைக் கடையில் சின்னப் பாட்டிலில் கிடைக்கும். வில்லையின் ஓரத்தை அதில் தொட்டால் போதும், நெட்டி தானே உறிஞ்சிக்கொள்ளும். நடுவில் வெள்ளை, சுற்றிலும் சிவப்பு. பிள்ளைகளின் விரல்கள் மட்டுமா, முழங்கை வரைக்கும் சிவப்பு. கீழ் வீட்டு மாஷிமா வந்து பார்த்துவிட்டு, யாருக்குக் கல்யாணம் என்று கேட்டார். இரண்டு நாளைக்கு அந்தச் சாயம் போகாது. நீங்கள் செய்வதானால் பள்ளிக்கூடம் இல்லாத நாளாகப் பார்த்துச் செய்யுங்கள்.

தேநீர் குடித்துவிட்டுத் தூக்கி எறிகிற மண்குவளையைக் கவிழ்த்தால் மணி. இது மாடி வீட்டுப் பையனின் யோசனை. இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, அடியில் ஆணியை மெல்லத் திருகித் துளை போட்டோம். ஐந்தில் இரண்டுதான் உடையாமல் வந்தன. அவற்றை ஜாவ் கிளை தாங்காது என்று பால்கனிக் கம்பியில் கட்டினோம். காற்றடித்தால் உள்ளே தொங்கும் பாசிமணி குவளையில் தட்டி, டொக் டொக் என்று கேட்கும்.

மாஷிமாவிடமிருந்து ஒரு விஷயம் தெரிந்துகொண்டேன். துர்க்கை சிலைக்குப் போடும் அலங்காரத்தில் இரண்டு வகை உண்டு. வெள்ளை வெளேரென்று ஷோலாவில் செய்வது ஒன்று. பளபளவென்று வெள்ளித் தகட்டில் செய்வது இன்னொன்று. இரண்டாவதற்கு 'டாக்கேர் ஷாஜ்' என்று பெயர். டாக் என்றால் தபால். அந்தக் காலத்தில் ஜெர்மனியிலிருந்து தகடு தபாலில் வந்ததால் அந்தப் பெயர் என்கிறார்கள். ஜெர்மனிக்காரர்கள் கிறிஸ்துமஸ் மரத்தில் சரம் சரமாகத் தொங்கவிடுவதும் வெள்ளி மினுக்கைத்தான். அங்கே மரத்துக்கு, இங்கே அம்மனுக்கு.

ஜெர்மனி என்றதும் இன்னொன்று. வீட்டு வாசலில் தொங்கவிடுகிற காகித நட்சத்திரங்களில் பழைய ஒன்று ஹெர்ன்ஹூட் நட்சத்திரம். 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் நீஸ்கி என்ற ஊரில் மொரேவியன் சபைப் பள்ளிக்கூடத்தில், வடிவக் கணிதம் சொல்லிக்கொடுப்பதற்காகப் பையன்களை வைத்துச் செய்தது. அந்தச் சபையார் 1760இலேயே தரங்கம்பாடிக்கு வந்து தோட்டம் போட்டுக் குடியிருந்தவர்கள். நட்சத்திரம் பிறக்கும் முன்பே ஊரை விட்டுப் போய்விட்டார்கள். பிள்ளைகள் மடித்து ஒட்டிய ஒரு கணக்குப் பாடம் இன்று உலகம் முழுக்க வாசல்களில் எரிகிறது என்பதை நினைக்க நினைக்க எனக்குச் சந்தோஷம்.

ஆனால் அன்றைக்கு எங்கள் வீட்டு நட்சத்திரத்தில் நான் ஒரு தப்புச் செய்தேன்.

என் மகள் நெட்டிக் குச்சிகளை ஒட்டி நட்சத்திரம் செய்திருந்தாள். ஐந்து முனை. நான்கு என் சுண்டுவிரல் நீளம், ஐந்தாவது மட்டும் அதைப்போல மூன்று பங்கு. குழந்தை அளவு தெரியாமல் ஒட்டிவிட்டாள் என்று நினைத்தேன். இரவு அவள் தூங்கிய பிறகு, அந்த நீள முனையை மற்றவற்றின் அளவுக்கு நறுக்கினேன். பார்க்க லட்சணமாக இருந்தது. மரத்தின் உச்சியில் கட்டிவிட்டுப் படுத்தேன்.

காலையில் எழுந்ததும் மரத்தடிக்குப் போனவள் அழவில்லை. நட்சத்திரத்தை அண்ணாந்து பார்த்தாள். பிறகு மரத்தைச் சுற்றி வந்து பின்பக்கமும் பார்த்தாள்.

"அம்மா, வால் எங்க?"

சண்டே ஸ்கூலில் சாஸ்திரிகளுக்கு வழி காட்டிய நட்சத்திரத்தின் படம் பார்த்திருக்கிறாள். அதில் வால் இருந்திருக்கிறது. அவள் அளவெடுத்து, யோசித்து, வேண்டுமென்றே செய்த வால் அது. நான் அவளைக் கேட்டிருந்தால் ஒரு நொடியில் சொல்லியிருப்பாள். கேட்கவில்லையே.

இரண்டு பேருமாகக் குப்பைக்கூடையைக் கிளறினோம். வெங்காயத் தோலுக்கு அடியில் கிடைத்தது. துடைத்தேன், அவள் ஃபெவிகால் தடவினாள். பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும் என்றாள். நின்றேன், காயும் வரைக்கும். ஒட்டுப் போட்ட இடத்தில் ஒரு மஞ்சள் கோடு நின்றுவிட்டது.

இந்த ஊரில் ஆர்மீனியர்களுக்கு ஜனவரி 6ஆம் தேதிதான் கிறிஸ்துமஸ். 1724இல் கட்டிய அவர்களுடைய தேவாலயம் இன்றும் படாபஜார் நெரிசலுக்குள் இருக்கிறது. அந்த நாள் முடிகிற வரைக்கும் எங்கள் மரமும் நிற்கும். ஏழாம் தேதி சாயங்காலம் எல்லாவற்றையும் இறக்கிப் பிஸ்கட் டின்னில் அடுக்கினோம். ஆல்தா சிவப்பு கொஞ்சம் வெளுத்திருந்தது. கடைசியாக நட்சத்திரம். எப்படித் திருப்பி வைத்தாலும் வால் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது, மூடி பொருந்தவில்லை. மகள் என் முகத்தைப் பார்த்தாள். டின்னைத் திறந்தபடியே வைத்து, மேலே ஒரு துணியைப் போட்டுச் சணல் கயிற்றால் கட்டினேன். அப்படியேதான் பரணில் இருக்கிறது.

(தொடரும்)