எண்ணெய்ச் சட்டி ஏறாத மிக்சர்

மிக்சரின் மொறுமொறுப்பு, ஈரம் போவதால் வருவது. சுமார் 180 டிகிரிக்குக் காய்ந்த எண்ணெயில் ஓமப்பொடி மாவைப் பிழிந்ததும் நுரை பொங்குகிறதே, அது மாவிலிருக்கும் தண்ணீர் ஆவியாகி வெளியேறுவது. தண்ணீர் விட்டுப்போன நுண்துளைகளில் பிறகு எண்ணெய் புகுந்துகொள்கிறது. ஓவன் அதே ஈரத்தைச் சூடான காற்றால் விரட்டுகிறது. எண்ணெயைப் போலக் காற்று வேகமாகச் சூட்டைக் கடத்தாது. நேரம் கூடுதலாகப் பிடிக்கும்.

அதனால் எதைத் தட்டில் பரப்புகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நெல்லை ஊறவைத்து, சூடாக்கி, நசுக்கியதுதான் அவல். அதன் மாவுச்சத்து முன்பே வெந்துவிட்டது. பொட்டுக்கடலையும் வறுத்து உடைத்ததே. இரண்டுக்கும் மிச்ச ஈரம் போனால் போதும். அமெரிக்காவில் 1950களில் வீடுதோறும் பரவிய பார்ட்டி மிக்ஸும் இப்படித்தான்: காலை உணவுத் தானியத்தை வெண்ணெயில் பிரட்டி ஓவனில் வாட்டினார்கள், அந்தத் தானியமும் முன்பே வெந்தது. ஓமப்பொடியும் காராபூந்தியும் பச்சைக் கடலைமாவு. பொரியும்போது உப்பும் அந்த மாவு, ஓவனில் கெட்டியாகிவிடும். அவற்றைச் சட்டிக்கே விட்டுவிடுவது நல்லது.

நிலக்கடலைக்கு 150 டிகிரியில் 15 முதல் 20 நிமிடம். வெளியே எடுக்கும்போது கடலை மெத்தென்றுதான் இருக்கும், ஆறினால் கடிபடும். 'இன்னும் வேகவில்லை' என்று திரும்ப உள்ளே தள்ளினால் கசந்துவிடும். தோல் வெடித்து, பருப்பு இளம்பொன்னாகத் தெரிந்தால் அதுவே பதம். மெல்லிய அவலுக்கு 130 டிகிரியில் பத்து நிமிடம் போதும். விரலில் நசுக்கினால் பொடியாக வேண்டும். ஈரம் துடைத்த கறிவேப்பிலை கடைசி ஐந்து நிமிடத்துக்கு. எதையும் குவிக்கக் கூடாது, அடியிலுள்ளது ஆவியில் புழுங்கிப்போகும்.

எண்ணெயை அடியோடு விலக்கவும் முடியாது. மஞ்சளின் நிறமும் மிளகாயின் காரமும் கொழுப்பில் கரைபவை. இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயைச் சூடாக்கி, அடுப்பை அணைத்துவிட்டு, பெருங்காயம், மஞ்சள், மிளகாய்த்தூள் கலந்து மேலே ஊற்றிப் பிரட்டினால் உப்பும் ஒட்டிக்கொள்ளும்.

இனி சென்னை வேளச்சேரி போன்ற ஈரமான இடங்களின் பிரச்சினை. பக்கத்தில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், கிழக்கே சற்றுத் தள்ளிக் கடல். ஐப்பசி மழையில் காற்றெல்லாம் ஈரம். காய்ந்த மாவுச்சத்து அதை உறிஞ்சி இளகுவதுதான் நமுத்துப்போவது. நன்றாக ஆறிய பிறகே டப்பாவை மூட வேண்டும்; சூட்டோடு மூடினால் உள்ளேயே வியர்க்கும். நமுத்ததை 110 டிகிரியில் ஏழெட்டு நிமிடம் வைத்தால் மொறுமொறுப்பு திரும்பும். கடலையில் சிக்கு வாடை வந்துவிட்டால் மட்டும் எந்தச் சூடும் உதவாது, கொட்டிவிட வேண்டியதுதான்.