வலைப்பின்னலின் ஏழு அடுக்குகள் – 6
துபாஷியும் டோக்கனும்

அனுப்பிய பொட்டலங்கள் யாவும் குறைவின்றி, வரிசை பிறழாமல் மறுகரை சேரும்படி நான்காம் அடுக்கு காக்கும் விதத்தைச் சென்ற வாரம் கண்டோம். ஆயினும் சரக்கு கரை சேர்ந்த மாத்திரத்தில் வியாபாரம் முடிந்துவிடுவதில்லை என்பதைத் துறைமுகத்தை அடுத்து வாழும் ராயபுரத்து ஜனங்கள் நன்கு அறிவர். யார் முதலில் பேசுவது, பேச்சு இடையில் அறுந்தால் எங்கிருந்து தொடர்வது, பேசியதன் அர்த்தம் மற்றவனுக்கு விளங்குமா என்னும் மூன்று கேள்விகளும் அதன் பிறகே எழுகின்றன. ஐ.எஸ்.ஓ. என்னும் சர்வதேசத் தர நிறுவனம் 1984-இல் வெளியிட்ட ஏழு அடுக்கு மாதிரியில் முதல் இரண்டுக்கும் விடை கூறுவது ஐந்தாவதான செஷன் அடுக்கு. மூன்றாவதற்கு விடை கூறுவது ஆறாவதான பிரசன்டேஷன் அடுக்கு.

முதலில் செஷன் அடுக்கு. 1856 ஜூலை 1 அன்று தென்னாட்டின் முதல் பயணிகள் ரயில் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது ராயபுரத்திலிருந்துதான். ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிராக இரு வண்டிகள் வந்து மோதாதிருக்கும் பொருட்டு, டோக்கன் என்ற இரும்பு உருண்டையைக் கையில் பெற்ற ஓட்டுநரே வண்டியைச் செலுத்தலாம் என்ற நியமம் ரயில்வேயில் வேரூன்றியது. செஷன் அடுக்கிலும் அதே பெயருடைய டோக்கன் உண்டு. அதை வைத்திருக்கும் கணினி பேசும், மற்றது கேட்கும். சம்பாஷணையின் நடுவே ‘இதுவரை வந்தது சரி’ என்று இருதரப்பும் ஒப்புக்கொள்ளும் அடையாளப் புள்ளிகளும் இடப்படுகின்றன. மூட்டை இறக்குகையில் மழை வந்து வேலை நின்றால், சரக்கை எண்ணிக் குறிக்கும் டாலி கிளார்க்கின் ஏட்டில் இருதரப்பும் ஒப்பிய கடைசி எண்ணிலிருந்து மறுபடி எண்ணத் தொடங்குவதைப் போல, தொடர்பு அறுந்தால் கணினிகளும் ஆதியிலிருந்து தொடங்காமல் அந்தப் புள்ளியிலிருந்தே தொடர்கின்றன.

இனி பாஷை. 1639-இல் ஆங்கிலேயக் கம்பெனி இக்கரையில் நிலம் பெற்ற நாளில் உடனிருந்த பேரி திம்மப்பா ஒரு துபாஷி. இரு பாஷை அறிந்தவர் என்பதே அச்சொல்லின் பொருள். ஆறாம் அடுக்கு கணினிகளின் துபாஷி. எழுத்துக்கு எந்த எண், தகவலைச் சுருக்குவது எப்படி, பிறர் அறியாதபடி மறைப்பது எப்படி என்பவையெல்லாம் அதன் பொறுப்பு. துபாஷி இல்லாத துன்பத்தைத் தமிழர் நேரில் அனுபவித்தோம். எழுத்துருவுக்கு ஒரு குறியீடாக இருந்த காலத்தில், ஒருவர் தமிழில் அனுப்பிய மடல் மற்றவர் திரையில் அர்த்தமற்ற கோலங்களாய்ச் சிதறிற்று. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய ‘தமிழ்நெட் 99’ மாநாட்டை ஒட்டியே டாம், டாப் என்ற பொதுக் குறியீடுகளைத் தமிழக அரசு ஏற்றது. பின்னர் யூனிகோடு எங்கும் பரவிற்று. ‘எண்ணூர்’ நம் கண்ணுக்கு நான்கு எழுத்து, யூனிகோடில் ஏழு குறியெண்கள், யூ.டி.எஃப்-8 முறையில் கம்பிவழிச் செல்கையில் 21 பைட்டுகள்.

இன்றைய இணையம் இவ்விரு அடுக்குகளையும் தனியே வைத்திராமல், அவற்றின் பணிகளைப் பெரும்பாலும் மேலுள்ள செயலிகளிடமே ஒப்படைத்துவிட்டது. ஆனாலும் பாதியில் அறுந்த பதிவிறக்கம் விட்ட இடத்திலிருந்து தொடர்வதும், திருவொற்றியூரில் ஒருவர் ‘எண்ணூர்’ என்று எழுதியதைக் கடல் கடந்த உறவினர் ‘எண்ணூர்’ என்றே படிப்பதும் அப்பணிகள் ஒழுங்காக நடைபெறுவதால்தான். அந்தச் செயலிகள் குடியிருக்கும் ஏழாம் அடுக்கை அடுத்த வாரம் காண்போம்.

(தொடரும்)