காங்கேயத்தில் தீவனம், அரிசோனாவில் தீ

காங்கேயம் பக்கத்துக் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்களில் மாடுகள் மேயும் கொழுக்கட்டைப்புல்லை அமெரிக்காவின் அரிசோனாவில் கடப்பாரையால் குத்திப் பெயர்க்கிறார்கள். அந்த மாநிலம் 2005-ல் அதைத் தீங்கான களைகளின் பட்டியலில் சேர்த்தது.

அங்கே எப்படிப் போனது?

ஆப்பிரிக்காவிலும் ஆசியாவின் வறண்ட பகுதிகளிலும் தானாக வளரும் புல் இது. வறட்சி தாங்கும், மண்ணரிப்பைத் தடுக்கும் என்று 1930-களில் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். நாளடைவில் அரிசோனாவின் சொனோரா பாலைவனத்து மலைச்சரிவுகளில் ஏறிவிட்டது.

புல்லால் என்ன கேடு?

அந்தப் பாலைவனத்தில் செடிக்கும் செடிக்கும் நடுவே வெற்றுத்தரைதான். ஒன்று பற்றினாலும் தீ அடுத்ததற்கு எளிதில் தாவாது. அந்த வெற்றிடத்தைத்தான் இந்தப் புல் நிரப்புகிறது. காய்ந்துவிட்டால் சரிவெங்கும் வைக்கோல் பரப்பியது போலாகிவிடும். தீ ஓடி முடிந்ததும் புல் தூரிலிருந்து துளிர்க்கும். சவாரோ கள்ளிக்கு அந்த வரம் இல்லை. 150 ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடிய அந்தக் கள்ளி, முதல் எட்டு ஆண்டுகளில் ஓரிரு அங்குலம்தான் வளரும். பட்டுப்போன சவாரோவின் நீண்ட விலாக்கழிகளைத் தொரட்டியாகக் கட்டி, உச்சியிலுள்ள பழங்களைப் பறித்துப் பாகு காய்ச்சுவது அங்குள்ள பழங்குடிகளான டொஹோனோ ஓஓதம் மக்களின் கோடை வழக்கம். கள்ளி கருகினால் அதுவும் போகும்.

ஏன் கூடிக் களையெடுக்க வேண்டும்?

அரிசோனாவின் டூசான் நகரைச் சுற்றித் தேசியப் பூங்கா, வனத்துறை நிலம், கவுன்ட்டி நிலம், பழங்குடி நிலம், வீட்டுமனை எல்லாம் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. ஒருவர் பிடுங்கிய இடத்தில் பக்கத்து நிலத்து விதை காற்றிலும் வண்டிகளிலும் வந்து விழும். இதற்காகவே 2008-ல் தெற்கு அரிசோனாவில் ஓர் ஒருங்கிணைப்பு மையம் தொடங்கப்பட்டது.

காலமும் நெருக்குகிறது. புல் பச்சையாக இருந்தால்தான் களைக்கொல்லி வேர்வரை இறங்கும். கோடைமழைக்குப் பின் சில வாரங்களே அந்தப் பச்சை நிற்கும். மற்ற மாதங்களில் தன்னார்வலர்கள் தூரோடு பெயர்க்கிறார்கள். மண்ணில் கிடக்கும் விதை சில ஆண்டுகள் உயிரோடிருப்பதால் ஒரே சரிவுக்குத் திரும்பத் திரும்பப் போயாக வேண்டும்.

தெற்கே மெக்சிகோவின் சொனோரா மாநிலத்திலோ, பாலைவனச் செடிகொடிகளை அழித்துவிட்டு இதே புல்லை மேய்ச்சலுக்காக விதைத்திருக்கிறார்கள். அங்குள்ள பண்ணைக்காரருக்கு இது களையல்ல. காங்கேயத்து விவசாயிக்குப் போலவே, மாட்டின் தீனி. பிடுங்குகிறவரும் விதைக்கிறவரும் பேசி முடிக்காதவரை கடப்பாரைக்கு ஓய்விராது.