போர், படுகொலை நினைவிடங்களுக்கான பயணம் (மேல்சித்தாமூர் வட்டாரமும் பிறவும்)

போரிலும் படுகொலையிலும் மாண்டவர்களுக்காக எழுப்பப்பட்ட நினைவுச்சின்னங்கள், கல்லறைத் தோட்டங்கள், அருங்காட்சியகங்கள் ஆகியவற்றைக் காணச் செல்வது இன்று சுற்றுலாவின் ஒரு பகுதியாக உள்ளது. போலந்தின் அவுஷ்விட்ஸ், ஜப்பானின் ஹிரோஷிமா, ருவாண்டாவின் கிகாலி ஆகியவை உலகறிந்தவை. இத்தகைய இடங்களைக் காணத் தமிழர்கள் கடல் கடந்துதான் செல்ல வேண்டும் என்பதில்லை. விழுப்புரம் மாவட்டத்தில் செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடையே உள்ள மேல்சித்தாமூரைச் சுற்றியே பார்க்க வேண்டியவை பல உண்டு. அவற்றுள் சில கல்லாக நிற்கின்றன. சில கல் இல்லாமல் பெயராகவும் வழக்கமாகவும் மட்டுமே நிற்கின்றன. இரண்டாவது வகையைக் காணக் கேட்டறியும் பொறுமை வேண்டும்.

மேல்சித்தாமூர்

மேல்சித்தாமூர் தமிழ்ச் சமணர்களின் தலைமை மடமான ஜினகாஞ்சி ஜைன மடம் அமைந்துள்ள ஊர். இங்குப் பார்சுவநாதர் கோயிலும், பாறையில் தீர்த்தங்கரர், பாகுபலி, அம்பிகா யட்சி உருவங்கள் செதுக்கப்பட்ட மல்லிநாதர் கோயிலும் உள்ளன. வருவோர் பெரும்பாலும் சிற்பங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகின்றனர். இவ்வட்டாரச் சமணரிடையே வழங்கும் படுகொலைக் கதை ஒன்று உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை.

அக்கதை இது. செஞ்சியை ஆண்ட வேங்கடபதி நாயக்கன் உயர்ந்த குலங்களில் பெண் கேட்டான். சமணர்கள் பெண் தருவதாகச் சொல்லிவிட்டு, மணநாளில் பந்தற்காலில் ஒரு பெண்நாயைக் கட்டிவைத்துச் சென்றனர். சினங்கொண்ட மன்னன் சமணர்களின் தலையை வெட்டுமாறு ஆணையிட்டான். பலர் கொல்லப்பட்டனர், பலர் ஊரைவிட்டு ஓடினர். தாயனூரைச் சேர்ந்த காங்கேய உடையார் உடையார்பாளையம் சென்று அடைக்கலம் புகுந்தார். எஞ்சியோர் நெற்றியில் திருநீறு பூசிச் சைவர்போல் வாழ்ந்து, வீட்டுக்குள் மட்டும் தம் சமயத்தைப் பேணினர். பிடிபட்டும் உயிர்தப்பிய ஒருவர் சிரவணபெளகொளா சென்று கற்று, வீரசேனாசாரியார் என்ற பெயருடன் திரும்பிவந்து, மதம் மாறியவர்களை மீண்டும் சமணத்தில் சேர்த்தார். ஆங்கிலேயர் காலத்துத் தென்னார்க்காடு மாவட்ட விவரச்சுவடியும் இக்கதையைப் பதிவு செய்துள்ளது. நிகழ்ந்த ஆண்டாக 1478 சொல்லப்படுகிறது.

இதை அப்படியே வரலாறாகக் கொள்வதில் இடர்ப்பாடு உண்டு. செஞ்சி நாயக்கர் ஆட்சி வலுப்பெற்றது 16ஆம் நூற்றாண்டில், விஜயநகரப் பேரரசின்கீழ். 1478 அதற்கு முந்தியது. மன்னன் பெண் கேட்டதும், பந்தலில் நாயைக் கட்டிவிட்டு ஊரைவிட்டுப் போனதும் தமிழகத்தில் வேறு பல சமூகங்களின் இடம்பெயர்வுக் கதைகளிலும் வருகின்றன. ஆயினும் கதையை வெறுங்கற்பனை என்று ஒதுக்குவதும் சரியன்று. இப்பகுதியில் 'நீறுபூசி' என்னும் அடைமொழி பெற்ற குடும்பங்கள் இருந்துள்ளன. நீறு பூசுவது தமிழ்நாட்டில் பொதுவான வழக்கம். அதையே அடையாளமாகச் சொல்லி ஒரு கூட்டத்தாரைப் பிரித்தழைக்க நேர்ந்தது என்றால், அவர்கள் முன்னர் அதைப் பூசாதவர்களாக இருந்திருக்க வேண்டும். நீரை வடிகட்டிப் பருகுவது, பொழுது சாயும் முன் உண்பது ஆகிய சமண வழக்கங்களே அக்காலத்தில் ஒருவரைக் காட்டிக்கொடுக்கும் தடயமாக இருந்தன எனக் கதை சொல்கிறது. இந்நிகழ்வுக்கெனத் தனி நினைவுத்தூண் தேடி வருபவர் ஏமாறுவார். இவ்வூரில் கேட்கவேண்டியது கதையை. பார்க்கவேண்டியது இன்றும் தொடரும் அவ்வழக்கங்களை.

மதுரையில் எண்ணாயிரம் சமணர் கழுவேற்றப்பட்டதாகக் கூறும் செய்தி இதனின்று வேறானது. அது பெரியபுராணத்தில் சைவத்தின் வெற்றியாகச் சொல்லப்படுகிறது. சமண நூல்களில் அதற்குச் சான்று இல்லை என்பதால் ஆய்வாளர் பலர் ஐயுறுகின்றனர். ஒரே வகை நிகழ்வை வென்றவர் தரப்பு விழாவாகவும் தோற்றவர் தரப்பு குடும்பக் கதையாகவும் நினைவில் வைத்திருப்பதை இவ்விரண்டையும் ஒப்பிட்டு அறியலாம்.

செஞ்சி, வந்தவாசி, புதுச்சேரி

செஞ்சிக் கோட்டையைக் காண்போர் தேசிங்கு ராஜனின் கதையைக் கேட்காமல் திரும்புவதில்லை. 1714இல் ஆற்காட்டு நவாபு சாதத்துல்லா கானுடன் நடந்த போரில் தேசிங்கும் அவன் நண்பன் மோவுத்துகானும் மாண்டனர். மோவுத்துகானின் கல்லறையும் குதிரையின் சமாதி என்று சொல்லப்படுவதும் நீலாம்பூண்டியில் உள்ளன. கோட்டைக்கு வரும் கூட்டத்தில் சிறு பகுதிகூட அங்குச் செல்வதில்லை. திண்டிவனத்துக்கு வடக்கே உள்ள வந்தவாசியில் 1760 ஜனவரி 22 அன்று ஆங்கிலேயர் பிரெஞ்சுக்காரரை வென்றனர். இருபுறமும் இந்தியச் சிப்பாய்கள் இருந்தும், பாடநூல்கள் அயர் கூட், லாலி என்ற இரு பெயர்களையே சொல்கின்றன.

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்கு எதிரே உள்ள பிரெஞ்சுப் போர் நினைவுச்சின்னம் முதல் உலகப்போரில் மாண்ட பிரெஞ்சிந்திய வீரர்களுக்குரியது. ஜூலை 14 அன்று விளக்கொளியில் அலங்கரிக்கப்படுகிறது. சென்னை நந்தம்பாக்கத்தில் 1952இல் அமைக்கப்பட்ட போர்க் கல்லறையில் இரண்டாம் உலகப்போரில் மாண்டவர்கள் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். பதவி வேறுபாடின்றி எல்லாருக்கும் ஒரே அளவுக் கல் நடப்பட்டிருப்பது கவனிக்கத்தக்கது.

காஞ்சனபுரி: பெயர் பெற்றவரும் பெறாதவரும்

பெயர் பொறிப்பதன் பொருள் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் நன்கு விளங்கும். ஜப்பானியர் 1942-43இல் அமைத்த சயாம்-பர்மா ரயில்பாதை சுமார் 415 கிலோமீட்டர் நீளமுடையது. இப்பணியில் 12,000க்கும் மேற்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் இறந்தனர். ஆசியத் தொழிலாளர் இறப்பு அதைப்போலப் பல மடங்கு. சுமார் 90,000 என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர்கள் இவர்களுள் பெருந்தொகையினர். வாந்திபேதி, மலேரியா, பட்டினி ஆகியவையே பெரும்பாலும் உயிர்குடித்தன.

காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 போர்க்கைதிகளின் கல்லறைகள் வரிசையாக, புல் வெட்டிப் பேணப்பட்டு உள்ளன. தொழிலாளருக்கு அப்படி எதுவும் இல்லை. படைகள் தம் வீரர்களின் பெயர்ப்பட்டியலை வைத்திருந்தன. தோட்டக் கூலிகளுக்கு அத்தகைய பட்டியலை யாரும் பேணவில்லை என்பதே காரணம். 2023இல் தமிழர்களின் முயற்சியால் இங்கு ஒரு நடுகல் நிறுவப்பட்டது. ஆநிரை மீட்டும் ஊர் காத்தும் மாண்டவனின் பெயரைப் பொறித்துக் கல் நடும் வழக்கத்துக்குச் செங்கம் பகுதியில் கிடைத்த பல்லவர் காலக் கற்கள் சான்று. காஞ்சனபுரியில் அதே வடிவம் பெயர் தெரியாதவர்களுக்குப் பயன்பட்டிருக்கிறது.

ஈழம்

2009 மே 18 அன்று முடிந்த போரின் இறுதிக் கட்டத்தில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என ஐ.நா. வல்லுநர் குழு 2011இல் கூறியது. தமிழர்கள் இதனை இனப்படுகொலை என நினைவுகூர்கின்றனர். இலங்கை அரசு மறுக்கிறது. புதுக்குடியிருப்பிலும் ஆனையிறவிலும் இராணுவம் வெற்றிச் சின்னங்களை எழுப்பியுள்ளது. தெற்கிலிருந்து பேருந்துகளில் வருவோர் அவற்றைப் பார்த்துச் செல்கின்றனர். மறுபுறம், புலிகளின் மாவீரர் துயிலும் இல்லங்கள் இடிக்கப்பட்டன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி 2021 ஜனவரியில் இரவோடிரவாக இடிக்கப்பட்டு, எதிர்ப்புக்குப் பின் அதே ஆண்டில் மீண்டும் கட்டப்பட்டது. தஞ்சாவூருக்கு அருகே விளாரில் 2013 நவம்பரில் திறக்கப்பட்ட முள்ளிவாய்க்கால் முற்றத்தின் சுற்றுச்சுவரும் சில நாட்களிலேயே அதிகாரிகளால் இடிக்கப்பட்டது. கல் நிலைக்காத நிலையில் கஞ்சி நினைவாயிற்று. அரிசியும் நீரும் உப்பும் மட்டும் இட்ட முள்ளிவாய்க்கால் கஞ்சி, முற்றுகையில் மக்கள் உண்டதன் நினைவாக ஆண்டுதோறும் மே மாதத்தில் வழங்கப்படுகிறது.

செல்வோர் கவனத்திற்கு

அவுஷ்விட்ஸில் கொல்லப்பட்டவர்களின் தலைமுடி வைக்கப்பட்டுள்ள அறையில் படம் எடுக்கத் தடை உண்டு. 14 வயதுக்குட்பட்டோரை அழைத்துவர வேண்டாம் என்றும் அறிவுறுத்துகின்றனர். கம்போடியாவின் துவோல் ஸ்லெங் அருங்காட்சியகத்தில் சிரிக்கக் கூடாது என்று படம் போட்டே அறிவித்துள்ளனர். பள்ளிச் சுற்றுலாவில் மாணவர்களை அழைத்துச் செல்வோர், அங்கு என்ன நடந்தது என்பதை முன்னாளே வகுப்பில் சொல்லிவிடுவது நல்லது. பேருந்தில் சொன்னால் யார் காதிலும் விழாது. நந்தம்பாக்கம் போன்ற கல்லறைகளில் கல்லின்மேல் சாய்ந்தோ அமர்ந்தோ படம் எடுக்கலாகாது.

மேல்சித்தாமூர் செல்வோர் திண்டிவனம் அல்லது செஞ்சியிலிருந்து சாலை வழியாகச் செல்லலாம். கோயிலுக்குள் தோல் பொருட்களைக் கொண்டுசெல்லாதிருப்பது நல்லது. பழைய கதையைக் கேட்க விரும்புவோர் பகலிலேயே சென்று, ஊர்ப் பெரியவர்களிடம் பொறுமையாகக் கேட்க வேண்டும். ஒவ்வொருவரும் சற்று வேறுபடச் சொல்லக்கூடும்; எந்த ஊரார் சொன்னது என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்வது பின்னால் ஒப்பிட உதவும்.