செவ்வாயில் உருளைக்கிழங்கு பயிரிட்டவர்

அப்பா வைத்திருந்த அசிமோவ், கிளார்க் நாவல்களைப் படித்து வளர்ந்தவர் அமெரிக்கர் ஆண்டி வியர். மென்பொருள் வேலை பார்த்துக்கொண்டே ‘தி மார்ஷியன்’ நாவலைத் தன் இணையதளத்தில் இலவசத் தொடராக எழுதினார். வேதியியல் தெரிந்த வாசகர்கள் பிழை சுட்டினால் திருத்துவார். வாசகர்கள் கேட்கவே, 2011இல் கிண்டிலில் 99 சென்ட்டுக்கு விட்டார். 2014இல் கிரவுன் பதிப்பகம் அச்சிட்டது. மறு ஆண்டே ரிட்லி ஸ்காட்டின் படம் வந்தது.

எனக்கு அவரிடம் பிடித்தது கணக்கில் பிழை கூடாது என்ற பிடிவாதம். கதையில் வரும் விண்கலத்தின் பாதையைக் கணக்கிடத் தானே ஒரு நிரல் எழுதினார்! செவ்வாயில் தனியே சிக்கிய மார்க் வாட்னி உருளைக்கிழங்கு பயிரிடும் பக்கங்களில் மண், தண்ணீர், கலோரி எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. அந்தக் கணக்குதான் என்னைப் பதறவைத்தது.

கதையில் ராக்கெட்டைச் சாய்க்கப் பார்க்கும் புயல் மட்டும் விதிவிலக்கு. செவ்வாயின் காற்றழுத்தம் பூமியில் இருப்பதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. ராக்கெட்டைச் சாய்க்க அது போதாது. தெரிந்தேதான் எழுதினார். முதல் அடி இயற்கையிடமிருந்து விழவேண்டும் என்று விரும்பினார்.