பேச்சு வரும்வரை காத்திருக்க வேண்டாம்

“அவன்ட வாப்பாவும் நாலு வயசுலதான் பேசினவர். நீ ஏன் புள்ள பயப்படுற?”

புத்தளத்து மதுரங்குளிப் பக்கம் ஒரு வீட்டில் இரண்டு வயதுப் பிள்ளை இன்னும் பேசவில்லை என்று தாய் கவலைப்பட்டால், மூத்தவர்கள் முதலில் சொல்லும் ஆறுதல் இதுதான். அன்பினால் சொல்கிறார்கள். சில வேளை அது பலித்தும் விடுகிறது. பிந்திப் பேசத் தொடங்கி, பிறகு வாய் மூடாமல் பேசும் பிள்ளைகள் எல்லா ஊரிலும் உண்டு. சிக்கல் என்னவென்றால், எந்தப் பிள்ளை தானாகவே பேசிவிடும், எந்தப் பிள்ளைக்குக் கை கொடுக்க வேண்டும் என்று வீட்டில் இருந்தபடி பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. உதவி தேவைப்படாத பிள்ளையோடு நாம் கொஞ்சம் கூடுதலாக விளையாடிவிட்டால் ஒரு நட்டமும் இல்லை. உதவி தேவைப்பட்ட பிள்ளையை இரண்டு வருடம் சும்மா விட்டால், அந்த இரண்டு வருடம் திரும்பி வராது.

பிளேன்டீயை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள். இதை ஆறுதலாகப் பேச வேண்டியிருக்கிறது.

பிறந்த முதல் சில வருடங்களில் பிள்ளையின் மூளையில் நரம்புகளுக்கிடையே இணைப்புகள் மிக வேகமாக உண்டாகின்றன. திரும்பத் திரும்பப் பயன்படும் இணைப்பு பலப்படும். பயன்படாதது மெல்லக் கழியும். தென்னந்தோட்டத்துக்குள் ஆள் நடக்கிற இடத்தில்தான் ஒற்றையடிப் பாதை விழுகிறது, நடக்காத இடத்தைப் புல் மூடிவிடுகிறது அல்லவா, அப்படித்தான். காது கேட்கும் பிள்ளையின் மூளையில் பேச்சுக்கான பாதையை நாள் முழுக்க நம்முடைய குரல்தான் உண்டாக்குகிறது. காது கேளாத பிள்ளைக்கு அந்தக் குரல் போய்ச் சேர்வதில்லை. அமெரிக்காவின் கொலராடோவில் கிறிஸ்டின் யோஷினாகா-இட்டானோவும் அவருடைய குழுவினரும் 1998இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. செவித்திறன் குறைபாடு ஆறு மாதத்துக்குள் கண்டுபிடிக்கப்பட்டு, உடனே உதவி பெற்ற பிள்ளைகள் மொழித்திறனில், பிந்திக் கண்டுபிடிக்கப்பட்ட பிள்ளைகளை விட நன்றாக முன்னே நின்றார்கள். இரண்டு பக்கமும் குறைபாடு ஒன்றுதான். கண்டுபிடித்த மாதம்தான் வேறு.

ஆகவே பேச்சு வராத பிள்ளைக்கு முதலில் பார்க்க வேண்டியது காது. கதவு அறைந்து சாத்தினால் திரும்புகிறானே, காது கேட்கும்தானே என்று வீட்டில் சொல்வார்கள். போதாது. பெரிய சத்தம் கேட்கிற பிள்ளைக்கு ‘ச’, ‘த’ போன்ற மெல்லிய ஒலிகள் கேட்காமல் இருக்கலாம். கருவி வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

பின்னடைவு என்றதும் பலருக்கும் பேச்சுத்தான் நினைவுக்கு வருகிறது. கழுத்து நிற்பது, உட்காருவது, நடப்பது, கையால் பிடிப்பது, பார்ப்பது, புரிந்துகொள்வது, பிறரோடு சேருவது எல்லாமே இதில் அடங்கும். உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட அளவுகோலின்படி, பிடிமானமில்லாமல் உட்காருவது ஏறத்தாழ 4 மாதத்திலிருந்து 9 மாதத்துக்குள் வரலாம். தனியாக நடப்பது 8 மாதத்திலிருந்து பதினேழரை மாதத்துக்குள் வரலாம். எவ்வளவு அகலமான இடைவெளி என்று பாருங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை பத்து மாதத்தில் நடந்துவிட்டது, நம்முடையது பதினான்கு மாதமாகியும் நடக்கவில்லை என்று அழ வேண்டியதில்லை. பதினெட்டு மாதம் கடந்தும் நடக்கவில்லை என்றால் கட்டாயம் காட்ட வேண்டும். இரண்டு மாதம் முந்திப் பிறந்த பிள்ளைக்கு, இரண்டு வயது வரைக்கும், அந்த இரண்டு மாதத்தைக் கழித்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

சில அடையாளங்களுக்கு மட்டும் காத்திருப்பே கூடாது. ஒரு வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பாதது, வேண்டிய பொருளை விரலால் சுட்டிக் காட்டாதது, பதினாறு மாதத்தில் ஒரு சொல்லும் வராதது, இரண்டு வயதில் ‘உம்மா வா’, ‘பால் தா’ என்று இரண்டு சொற்களைச் சேர்க்காதது. ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பாவித்து மற்றக் கையை மடக்கி வைத்திருப்பதை, கெட்டிக்காரன், இப்பவே வலக்கைப் பழக்கம் என்று மெச்சிவிடாதீர்கள். மடக்கி வைத்திருக்கும் கையை இயக்கும் மூளையிலோ நரம்பிலோ பிரச்சினை இருக்கலாம். எல்லாவற்றிலும் அவசரமானது, வந்த பேச்சோ சிரிப்போ திரும்பிப் போய்விடுவது. எந்த வயதில் நடந்தாலும் அந்தக் கிழமையே டொக்டரிடம் போக வேண்டும்.

ஏன் இப்படி ஆகிறது என்று கேட்காத தாய் இல்லை. கேட்கும்போதே குற்றத்தைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறாள். கர்ப்பத்தில் எதையோ சாப்பிட்டேனா, யாராவது கண் வைத்தார்களா என்று. பிறக்கும்போது மூச்சுத் திணறியது, முந்திப் பிறந்தது, மஞ்சள்காமாலை கடுமையாகி மூளையைத் தாக்கியது, மரபணுவில் உள்ள மாற்றம், தொற்று நோய் என்று காரணங்கள் பல. எத்தனையோ பிள்ளைகளுக்குக் காரணம் கடைசி வரைக்கும் அகப்படுவதுமில்லை. சில காரணங்களை முளையிலேயே நிறுத்திவிடலாம். தைரொயிட் சுரப்பி வேலை செய்யாமல் பிறக்கும் பிள்ளைக்கு முதல் இரண்டு கிழமைக்குள் மருந்தைத் தொடங்கிவிட்டால் அறிவு வளர்ச்சி பாதிக்கப்படாமல் காப்பாற்றலாம். பிறந்த பிள்ளையின் குதிகாலில் குத்தி இரத்தத் துளி எடுப்பது அதற்காகத்தான். அந்த முடிவு வந்ததா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது பெற்றாரின் உரிமை.

சரி, மதுரங்குளியில் இருக்கும் ஒரு தாய் எங்கே போவது? தொடக்கம் வீட்டிலேயே இருக்கிறது. பிள்ளை பிறந்ததும் கையில் தருகிற கிளினிக் புத்தகத்தில் நிறைக் கோடும் ஊசித் திகதியும் மட்டும் இல்லை. எந்த வயதில் பிள்ளை என்ன செய்ய வேண்டும், கண்ணும் காதும் எப்படி இருக்கின்றன என்று தாய் பார்த்துக் குறிக்க வேண்டிய பக்கங்களும் இருக்கின்றன. பல வீடுகளில் அந்தப் பக்கம் வெறுமையாகக் கிடக்கிறது. நிறைக் கோடு இறங்கினால் பதறுகிற நாம், இந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பதில்லை.

இலங்கையில் ஏறத்தாழ எல்லாப் பிள்ளைகளும் தடுப்பூசிக்கு வருகிறார்கள். உலகில் பல நாடுகளுக்கு இல்லாத வாய்ப்பு இது. ஒன்பதாம் மாதம், பன்னிரண்டாம் மாதம், பதினெட்டாம் மாதம் என்று ஊசி நாட்கள் விழும் வயதுகளைப் பாருங்கள். வளர்ச்சியைச் சரிபார்க்க அதைவிடப் பொருத்தமான வயதுகள் கிடையா. ஊசி போட்டதும் அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடாமல், குடும்பநல உத்தியோகத்தரிடம் “மிஸ், கூப்பிட்டா திரும்புறானில்ல” என்று ஒரு வசனம் சொன்னால் போதும், அங்கிருந்து ஒரு சங்கிலி தொடங்குகிறது. அவர் சுகாதார வைத்திய அதிகாரியிடம் காட்டுவார். அங்கிருந்து புத்தளம் அல்லது சிலாபம் ஆஸ்பத்திரியின் பிள்ளை நல டொக்டரிடம். தேவைப்பட்டால் கொழும்பு சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரிக்கு, அல்லது ராகமைக்கு. ராகமையில் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தைச் சேர்ந்த ‘ஆயதி’ என்ற தேசிய நிலையம் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கென்றே இயங்குகிறது. மதுரங்குளி ஸ்டேஷன் இருக்கும் புத்தளம் ரயில் பாதை பிரிவதும் அந்த ராகமைச் சந்தியில்தான். தூரம் ஏறத்தாழ நூறு கிலோமீற்றர். கைப்பிள்ளையோடு, ஒரு நாள் கூலியையும் விட்டுவிட்டு அங்கே போய் வருவது சின்னக் காரியமல்ல. ஆகவே மாதத்தில் ஒரு நாள் ராகமையில் நடப்பதை விட, மீதி நாட்களில் வீட்டில் நடப்பதே பிள்ளையின் வளர்ச்சியைத் தீர்மானிக்கும்.

கேட்டால்தான் சொல்வோம் என்று இருக்கவும் கூடாது, கேட்கிற விதமும் சரியாக இருக்க வேண்டும். குழந்தை மனநல மருத்துவர் பேராசிரியர் ஹேமமாலி பெரேராவும் குழுவினரும் இலங்கையின் ஓர் அரை நகர்ப்புறப் பகுதியில், 18 முதல் 24 மாத வயதுள்ள 374 பிள்ளைகளைப் பார்த்து 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 93 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் ஓட்டிசம், அதாவது பிறரோடு பழகுவதிலும் தொடர்புகொள்வதிலும் தெரியும் வளர்ச்சி வேறுபாடு, இருந்தது. தாய்மாரிடம் கேட்பதற்காக வெளிநாட்டிலிருந்து எடுத்த கேள்வித்தாளோ, அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலானவர்களைத் தவறவிட்டது. நம்முடைய தாய்மார் கேள்வியை விளங்கிக்கொண்ட விதமும் பதில் சொன்ன விதமும் வேறு. உங்கள் பிள்ளை கண்ணைப் பார்க்கிறதா என்று கேட்டால் எந்தத் தாய் இல்லை என்பாள்? அதற்குப் பிறகு பெரேரா குழுவினர் படங்களைக் காட்டிக் கேட்கும் முறை ஒன்றை நம் நாட்டுக்கென்றே உருவாக்கினார்கள். எனக்கு இது மிகவும் மதிப்புக்குரிய வேலையாகத் தெரிகிறது. பிள்ளையைத் தாய் மறைக்கவில்லை, கேள்விதான் தாயை எட்டவில்லை என்று ஏற்றுக்கொண்டு கருவியை மாற்றினார்கள்.

வீட்டில் என்ன செய்வது? விலை கொடுத்து விளையாட்டுச் சாமான் வாங்க வேண்டியதில்லை. பிள்ளையின் முகத்துக்கு நேரே, அதன் உயரத்துக்குக் குனிந்து உட்காருங்கள். அது எதைப் பார்க்கிறதோ அதைப் பற்றி நீங்கள் பேசுங்கள். நீங்கள் நினைத்ததை அதன் மேல் திணிக்காதீர்கள். சிரட்டையைத் தட்டுகிறதா, நீங்களும் ஒரு சிரட்டையை எடுத்துத் தட்டுங்கள், நிறுத்துங்கள், முகத்தைப் பாருங்கள். அடுத்த தட்டு அதனுடையது. வாழைப்பழத்தையும் பிஸ்கட்டையும் இரண்டு கையில் பிடித்து, எது வேண்டும் என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். உடனே ஊட்டிவிடாதீர்கள். அந்தச் சில நொடிகளில் பிள்ளை ஒரு பார்வையோ, கை நீட்டலோ, ஒரு முனகலோ தரும். அதைப் பேச்சாகவே எடுத்துக்கொண்டு, “பழம் வேணுமா? இந்தா, பழம்” என்று பதில் சொல்லுங்கள். குளிப்பாட்டும்போது, உடுப்பு மாட்டும்போது, சோறு ஊட்டும்போது எல்லாம் இது நடக்கலாம். தாய் வெளிநாட்டில் வேலை செய்கிற வீடுகள் நம் பக்கத்தில் நிறைய. அங்கே இதைக் கற்க வேண்டியவர் உம்மும்மா. கிளினிக்குக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

இது வெறும் வீட்டு வைத்தியம் என்று நினைத்துவிட வேண்டாம். இந்தியாவின் கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் ஓட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றாருக்கு, நிபுணர் அல்லாத சுகாதாரப் பணியாளர்கள் பயிற்சி கொடுத்தார்கள். தாயும் பிள்ளையும் விளையாடுவதை வீடியோ எடுத்து, இந்த இடத்தில் நீங்கள் காத்திருந்ததால்தான் அவன் உங்களைப் பார்த்தான் என்று தாய்க்கே போட்டுக் காட்டினார்கள். 2016இல் வெளியான முடிவில், பிள்ளையோடு பெற்றார் பழகும் விதம் நன்றாக மாறியிருந்தது, பிள்ளைகள் தாங்களாகத் தொடர்பைத் தொடங்குவதும் கூடியிருந்தது. தமிழ்நாட்டில் தென்காசிக்குப் பக்கத்து ஆய்க்குடியில், விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். இராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கம், கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்புகிறது. பிள்ளையின் முன்னேற்றத்தை அவர்கள் ஒரு செயலியில் பதிகிறார்கள். தூரத்திலிருக்கும் நிபுணர் அதைப் பார்த்து அடுத்த பயிற்சியைச் சொல்கிறார். மதுரங்குளி மாதிரி நகரத்திலிருந்து தள்ளியிருக்கும் ஊர்களுக்குத் தேவைப்படுவது இப்படி ஒரு ஏற்பாடுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

வீட்டுக்கு வீடு கேட்கப்படும் இன்னும் சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். போன் பார்ப்பதால் ஓட்டிசம் வருவதில்லை. ஆனால் போன் பார்க்கும் நேரமெல்லாம் பிள்ளையோடு யாரும் பேசாத நேரம். இரண்டு வயதுக்குள் வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லியிருக்கிறது. வீட்டில் தமிழும் வெளியே சிங்களமும் கேட்பதால் பேச்சு பிந்துவதில்லை. எந்த மொழியில் பிள்ளையைக் கொஞ்ச வருகிறதோ அந்த மொழியிலேயே பேசுங்கள். ஊசியால் ஓட்டிசம் வரும் என்று 1998இல் கிளம்பிய கட்டுரையை அதை வெளியிட்ட ‘லான்செட்’ இதழே 2010இல் திரும்பப் பெற்றுவிட்டது. ஓதிப் பார்ப்பதையோ கோயிலில் நேர்ந்துகொள்வதையோ நிறுத்துங்கள் என்று நான் சொல்லமாட்டேன். அது மனதுக்குத் தெம்பு. கிளினிக் போகும் நாளை அதற்காகத் தள்ளிப் போடாதீர்கள், அவ்வளவுதான்.

ஐந்து வயது தாண்டிய பிள்ளையை வைத்திருக்கும் பெற்றார் இதைப் படித்து, நேரம் போய்விட்டதே என்று கலங்க வேண்டாம். சின்ன வயதில் தொடங்கினால் எளிது. அதற்குப் பிறகும் பிள்ளை கற்றுக்கொண்டுதான் இருக்கும். பாடசாலைகளில் விசேட கல்வி அலகுகளும் இருக்கின்றன.

கடைசியாக, ஊரிடம் ஒரு வேண்டுகோள். தமிழ் பேசும் பிள்ளைக்குப் பேச்சுப் பயிற்சியைத் தமிழில்தான் கொடுக்க முடியும். அதைச் செய்யத் தெரிந்தவர்கள் நம் நாட்டில் மிகக் குறைவு. களனிப் பல்கலைக்கழகத்தின் ராகமை மருத்துவ பீடத்தில் பேச்சு, செவிப்புலன் சம்பந்தமான பட்டப்படிப்பு இருக்கிறது. உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், டொக்டராவது ஒன்றுதான் வழி என்று அவளை நெருக்காதீர்கள். இந்தப் படிப்பும் இருக்கிறது என்று சொல்லுங்கள். பள்ளிவாசல் நிர்வாகங்களும் கோயில் சபைகளும் புலமைப்பரிசில் கொடுக்கும்போது, அதில் ஒன்றை இதற்கென்று ஒதுக்குங்கள்.